வேலூரில் படித்த மருத்துவரும் உஸ்மானாபாத் பெண்களும்

கருப்பைவாய்ப் புற்றுநோயை நம் காலனிகளில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'வெள்ளைப்படுது', 'கர்ப்பப்பையில் கட்டி' என்பதோடு பேச்சு நின்றுவிடும். ரத்தப்போக்கு அடங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குள் நோய் முற்றியிருக்கும். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் போய்வர வேண்டும். அத்தனை நாளும் கூலி போகும், பஸ் செலவு ஆகும். பாதியில் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு.

இந்தக் கதிர்வீச்சு சிகிச்சையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் மருத்துவர் கேதாயூன் தின்ஷா. 1943-ல் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். நம் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து 1966-ல் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் கதிர்வீச்சு சிகிச்சையில் உயர்பயிற்சி பெற்று, 1970-களில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சேர்ந்தார். 1995-ல் அதன் இயக்குநரானார். 2001-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2011-ல் காலமானார். அவர் நம் சமூகத்தவர் அல்ல. ஆனால் அவர் பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு, நம் வீட்டுப் பெண்களின் உயிரோடு நேரடித் தொடர்புடையது.

மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தருவது, நிணநீர்ப் புற்றுக்கான சிகிச்சை ஆகியவை அவரது ஆய்வுத் துறைகள். ஆனால் முற்றிய பிறகு வரும் நோயாளிக்கு எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் பயன் குறைவுதானே! நோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வுகளிலும் டாடா மருத்துவமனை இறங்கியது.

அதில் முக்கியமானது மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்ட ஆய்வு. அம்மாவட்டம் இன்று தாராசிவ் எனப் பெயர் மாறியுள்ளது. 1999-ல் தொடங்கிய இந்த ஆய்வை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணன் தலைமையில் டாடா மருத்துவமனையும் பார்சி நகரில் உள்ள நர்கீஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 கிராமப்புறப் பெண்கள் இதில் இடம்பெற்றனர். கிராமங்கள் 52 தொகுதிகளாகவும், அத்தொகுதிகள் நான்கு பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டன. மூன்று பிரிவுகளுக்கு வெவ்வேறு வகைப் பரிசோதனை. நான்காவதற்குப் பரிசோதனை இல்லை.

முடிவு 2009-ல் வெளியானது. எச்.பி.வி. வைரஸ் பரிசோதனைப் பிரிவில் இருந்த 34,126 பெண்களில் 34 பேர் இந்நோயால் இறந்தனர். பரிசோதனை இல்லாத 31,488 பெண்களில் இறந்தவர்கள் 64 பேர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனை சாவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது!

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியுள்ளது. அந்த நான்காவது பிரிவுப் பெண்களுக்கு ஏன் பரிசோதனை மறுக்கப்பட்டது என்று மருத்துவ அறம் பேசுவோர் பின்னர் கேள்வி எழுப்பினர். நாட்டில் அப்போது பரிசோதனைத் திட்டமே இல்லை, எனவே இருந்த எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு வாதம். வாதம் எப்படி இருந்தாலும், கணக்கில் வந்த 64 பேரும் ஏழைக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் சாவு கற்றுத்தந்த பாடத்தின் பலன் அவர்களைப் போன்றவர்களுக்கே முதலில் வந்து சேர வேண்டும் என்பதே நியாயம்.

வழி கடினமானதல்ல. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தைக் கண்ணால் பார்த்தே செவிலியர்கள் நோயறிந்தனர். இந்நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வந்தது. இன்று தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம்.

ஆனால் பகலில் பரிசோதனை என்றால், விடியற்காலையில் நடவுக்கோ தூய்மைப் பணிக்கோ கிளம்பும் நம் பெண்கள் எப்படி வருவார்கள்? மாலை நேர முகாம் காலனிக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று கிராம சபையில் கேட்போம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நாள் கூலி போனாலும், அம்மாவையும் அக்காவையும் கையோடு கூட்டிப் போவோம்.