ஓலையும் பதிவேடும்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து நின்ற வரலாற்றைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். மணப்பந்தலில் சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. முதியவர் மூல ஓலையை அவையில் காட்டினார். அதிலிருந்த கையெழுத்தைப் பாட்டனாரின் வேறு எழுத்தோடு அவையத்தார் ஒப்புநோக்கினர், வழக்கு முடிந்தது. உரிமை என்பது ஓலையில் உறைவது என்னும் எண்ணம் தமிழரிடையே அத்துணைப் பழமையானது.

தமிழகத்தில் அவ்வெண்ணம் இன்றும் பெருமளவு பொருந்தும். கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பின்னரும், விற்றவருக்கு உரிமை எப்படி வந்தது, அவருக்கு முன்னவருக்கு எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தே அங்கு நிலம் வாங்குவர். அங்குப் பதிவாவது பத்திரமே. உரிமைக்கு அரசு பிணை நிற்பதில்லை.

மலேசியத் தீபகற்பத்தின் முறை இதற்கு நேர்மாறானது. 1858-ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் கப்பல்களைப் பதியும் முறையைப் பார்த்து நிலத்திற்கும் அதுபோன்றதொரு பதிவேட்டை ஏற்படுத்தினார். அது 1891-இல் சிலாங்கூருக்கு வந்து, பின்னர்ப் பிற மலாய் மாநிலங்களிலும் பரவிற்று. பினாங்கும் மலாக்காவும் மட்டும் ஆங்கிலேயரின் பத்திர முறையிலேயே இருந்தன. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது எல்லாம் ஒரே முறையின்கீழ் வந்தன. (சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.)

இம்முறையில் பதிவேடு உரிமைக்குச் சான்று மட்டுமன்று. உரிமையைத் தருவதே அதுதான். நிலப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். ‘கிராண்ட்’ என்று நாம் வழங்கும் பத்திரம் அப்பதிவேட்டின் ஒரு படியே. விற்பனை ஒப்பந்தமும் பணம் செலுத்திய ரசீதும் வாங்குபவருக்கு வழக்காடும் உரிமையைத் தரும். வீட்டின் உரிமையைத் தாரா. 14ஏ என்னும் மாற்றுப் படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டு, முத்திரை வரி செலுத்தி, நில அலுவலகத்தில் பெயர் ஏறிய பின்னரே வீடு அவருடையது. இடைக்காலத்தில் விற்பவர் அதே வீட்டை வேறொருவருக்கு விற்று, நிகழ்ந்ததை அறியாத அவர் முந்திப் பதிந்து கொண்டால், முதலில் பணம் கொடுத்தவர் தம் பணத்தைத் தேடி நீதிமன்றம் செல்ல வேண்டியதே. இதனைத் தடுக்கவே ‘கேவியட்’ என்னும் தடைக்குறிப்பு உள்ளது. ஒப்பந்தம் ஆனவுடன் அதனைப் பதிந்துவிட்டால், தனியார் தடைக்குறிப்பு ஆறாண்டு நிற்கும். அது நிற்கும்வரை வேறு மாற்றம் பதிவாகாது.

அடுக்குமாடி வீடுகளில் இக்கால இடைவெளி நீளும். தனிப்பட்டா பிரியும்வரை மொத்த நிலமும் ஒரே பட்டாவில் இருக்கும். வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும் பதிவேட்டில் அவர் பெயர் இராது. பட்டா பிரிந்தது என்று அறிவித்த பின்னும் செலவுக்கு அஞ்சிப் பெயர் மாற்றாமல் விடுவோர் உளர். அத்தொல்லை பெரும்பாலும் அவர்தம் பிள்ளைகளின் தலையில் விடியும்.

பதிவேட்டிற்கு இத்துணை ஆற்றல் தந்தால், கள்ளக் கையொப்பத்தால் பெயர் ஏறினால் என் செய்வது? இவ்வினா பினாங்கு, தஞ்சோங் பூங்கா நிலம் ஒன்றின் வழக்கில் எழுந்தது. நிலத்துக்குரிய தாய்லாந்துப் பெண்மணி அறியாமலே, ஆள்மாறாட்டம் செய்த ஒருவர் அதனை ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். வாங்கியவர் சூது அறியாதவர் ஆதலின் நிலம் அவருக்கே என்று கூட்டரசு நீதிமன்றம் 2000 திசம்பரில் தீர்ப்பளித்தது. உறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தம் வீட்டை இழக்கலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. சட்டமறிந்தோர் பலர் கடுமையாகக் கண்டித்த அத்தீர்ப்பை அதே நீதிமன்றம் 2010 சனவரியில், குவாந்தான் நிலம் பற்றிய மற்றொரு வழக்கில், தவறென்று கூறி மாற்றிற்று. நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவுக்கு இன்றுள்ள பொருள் இதுவே: மோசடியாளரிடம் நேரே வாங்கியவர், தாம் அறியாமல் வாங்கினும், உண்மை உரிமையாளரை வெல்ல முடியாது, அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கும் அடுத்தவர் வெல்லலாம். எனவே உரிமையாளரும் அவ்வப்போது நில அலுவலகத்தில் பதிவைத் தேடிப் பார்ப்பது வீண் வேலையன்று. கட்டணம் செலுத்தி எவரும் தேடலாம். பட்டா எண்ணும் முக்கிமும் தெரிந்தால் போதும்.

‘பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் நிலம் நமதாகும்’ என்னும் பேச்சு நம்மவரிடையே பரவலாக உண்டு. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு, இங்கு இல்லை. எத்துணை ஆண்டு குடியிருப்பினும் பதிவுபெற்ற உரிமையாளரின் உரிமை அழியாது என்று 341-ஆம் பிரிவு ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறது. அரசு நிலத்திற்கும் அஃதே. ‘டி.ஓ.எல்.’ என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்தந்த ஆண்டின் முடிவுக்குள் முடிந்துவிடும், புதுப்பித்தல் வேண்டும். அதனைப் பிறருக்கு மாற்ற இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் இறந்துபடும். அத்தகைய நிலத்திலுள்ள வீட்டை ‘விலைக்கு’ வாங்குவோர் பலகையையும் தகரத்தையுமே வாங்குகின்றனர்.

வாடகையில் எல்லைக்கோடு மூன்றாண்டு. அதற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும். மூன்றாண்டுக்கு உட்பட்டதற்குப் பதிவு வேண்டா, வாய்ச்சொல்லே போதும். எழுதிக் கொள்வோர் முத்திரை வரி செலுத்துதல் நலம். முத்திரையற்ற ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. தவணை முடிந்தும் வெளியேறாத குடியானவரை வெளியேற்ற நீதிமன்றமே வழி என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிக்கிறது. பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே எறிவதும் சட்டத்திற்குப் புறம்பு. எனினும் வெளியேறாத நாட்களுக்கு இரட்டை வாடகை கோர வீட்டுக்காரருக்கு உரிமையுண்டு. இதனை அறியாமல் பிடிவாதமாக இருந்துவிட்டுப் பின் வருந்துவோர் உளர்.

தோட்டத்து லயத்து வீடு இவ்விரண்டிலும் சேராது. அங்கு வாழும் தொழிலாளி உரிமையாளரும் அல்லர்; பொதுவாக வாடகைதாரரும் அல்லர். வேலையின் பொருட்டு அங்கு வாழ இசைவு பெற்றவர். வேலை முடியின் இசைவும் முடியும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடாயினும் பதிவேட்டில் அதன் சுவடு இராது. 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனதன் சட்டக் காரணம் இதுவே. அவ்விழப்பைக் கண்டே 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் சேர்த்த பணத்தால் அது தோட்டங்களை வாங்கிற்று. அத்தோட்டங்களின் பதிவேட்டில் நிற்பது சங்கத்தின் பெயர். உறுப்பினர் கையில் இருப்பது பங்கு.