மஞ்சளும் மஞ்சள் மாத்திரையும்

தலைமுறை தலைமுறையாக நாம் மஞ்சள் விற்கிறோம். அந்த நம்பிக்கையில், இப்போது டப்பாவில் வரும் மஞ்சள் சத்து மாத்திரையையும் "மஞ்சள்தானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி எடுத்துக் கொடுக்கிறோம்.

இரண்டும் ஒரே சரக்கு அல்ல. குழம்பு மஞ்சளில் குர்குமின் என்ற சத்து 100-க்கு 3 பங்கு அளவுதான். மாத்திரையில் அதைத் தனியே பிரித்துச் செறிவாக அடைக்கிறார்கள். பலவற்றில் மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் குர்குமின் 20 மடங்கு கூடுதலாக உடம்பில் ஏறுகிறது என்று 1998-ல் வெளியான பெங்களூர் ஆய்வு கூறியது.

இத்தாலியில் 2019-ல் இத்தகைய மாத்திரை சாப்பிட்ட சுமார் 20 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. அமெரிக்க மருத்துவர்கள் 2004 முதல் 2022 வரை ஆராய்ந்த 10 பேரில் ஒருவர் இறந்தே போனார். எல்லோருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று கல்லாவிலிருந்து நாம் சொல்லவும் முடியாது.

ஆகவே வணிகர்களே, உரிம எண் இல்லாத டப்பாவை வாங்கி அடுக்க வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவரும், வேறு மருந்து சாப்பிடுபவரும் கேட்டால், டாக்டரிடம் கேட்டு வரச் சொல்வோம். கண்ணோ சிறுநீரோ மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வோம். ஒரு டப்பா லாபம் போனால் போகட்டும். நம் வாக்கை நம்பி வருகிறவர் நலமாக இருக்க வேண்டும்.