வெறுமையாய்க் கிடக்கும் அழகிய பள்ளத்தாக்கு

ஸ்கொட்லாந்தின் வடபகுதியை உலகின் மிக அழகான நிலப்பரப்புகளில் ஒன்று என்பார்கள். ஊதா நிறப் பூக்கள் போர்த்த மலைச்சரிவுகள், நீண்ட ஏரிகள், ஆளரவமற்ற பள்ளத்தாக்குகள். அந்த அமைதியைத் தேடியே உல்லாசப் பயணிகள் அங்கு செல்கின்றனர். ஆனால் அது இயற்கை தந்த வெறுமை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஊர்கள் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

பயிற்சியொன்றிற்காக ஸ்கொட்லாந்து சென்றிருந்த நான், ஓகஸ்ட் மாத ஓய்வு நாளொன்றில் இன்வர்னஸ் நகரிலிருந்து புறப்பட்ட ஒருநாள் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன். சிறிய மினிபஸ்ஸில் எட்டுப் பேர் இருந்தோம். வாகனத்தை ஓட்டியவரே வழிகாட்டியும். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவர், "இன்று மலைகளை மட்டும் பார்க்காதீர்கள், மலையடிவாரத்துக் கற்களையும் பாருங்கள்" என்று சொல்லித்தான் வாகனத்தை எடுத்தார்.

கண்ணாடியில் கீறிய சொற்கள்

முதலில் நின்றது கிறொயிக் என்ற இடத்திலுள்ள சின்னஞ்சிறு தேவாலயத்தில். 1845ஆம் ஆண்டு மே மாதம், அருகிலிருந்த கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இந்தத் தேவாலய வளவில் தஞ்சமடைந்தன. கம்புகளை நட்டு, தறப்பாளும் போர்வைகளும் கட்டி, குழந்தைகளோடு அதற்குள் கிடந்தார்கள். லண்டன் ரைம்ஸ் பத்திரிகையின் நிருபர் நேரில் வந்து பார்த்து எழுதினார்.

அந்த மக்கள் தேவாலய ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தங்கள் பெயர்களையும் திகதியையும் கீறி வைத்துச் சென்றார்கள். அந்தக் கீறல்களை இன்றும் வாசிக்கலாம். அவற்றில் ஒன்று என்னை அசையவிடவில்லை. தாங்கள் தீய தலைமுறை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்தவர், அதைத் தன் பாவத்தின் விளைவாகவே நினைத்திருக்கிறார்.

"நாங்கள் செய்த பாவம்தான்" என்று எமது பெண்கள் சொல்ல எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். இழப்புக்குக் காரணமானவர்கள் வேறெங்கோ இருக்க, இழந்தவர் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்வது ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரியதல்ல.

அதே பள்ளத்தாக்கின் கிறீன்யார்ட்ஸ் என்ற ஊரில், 1854இல் வெளியேற்றும் கட்டளையோடு வந்தவர்களைப் பெண்களே முன்னின்று மறித்தார்கள். பொலிசார் அவர்களைத் தடிகளால் அடித்து மண்டைகளை உடைத்தனர்.

ஆடுகளுக்காக

மதியத்துக்குப் பின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கை அடைந்தோம். நடுவே ஆறு, இருபுறமும் புல்வெளி. இங்கே கேலிக் மொழி பேசிய மக்கள் மாடு வளர்த்து, ஓட்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுத் தலைமுறைகளாக வாழ்ந்தனர். நிலம் சதர்லன்ட் சீமாட்டியின் பெயரில் இருந்தது. குடியானவர்கள் தரும் வாடகையைவிட ஆட்டுப்பண்ணை அதிக வருமானம் தரும் என்று கணக்குப் பார்க்கப்பட்டது. மக்களிடம் வழக்கம் இருந்தது, காகிதம் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் எழும்ப வேண்டியதாயிற்று.

கூரை மரங்களைக் கொளுத்திவிட்டால் திரும்பி வந்து வீடு கட்ட முடியாது. மரம் கிடைப்பதே அரிதான நிலம் அது. 1814இல் பற்றிக் செலர் என்ற அதிகாரியின் ஆட்கள் தீ வைத்த வீடொன்றிலிருந்து, நூறு வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி வெளியே தூக்கி வரப்பட்டார். சில நாட்களில் அவர் இறந்துபோனார். செலர்மீது இன்வர்னஸில் வழக்கு நடந்தது. 1816இல் அவர் விடுதலையானார். வெளியேற்றப்பட்ட நிலத்தில் ஆட்டுப்பண்ணை நடத்தியதும் அவரே.

றொசால் என்ற ஊரின் இடிபாடுகளுக்குள் நடந்தோம். புல் மூடிய அத்திவாரக் கற்கள்தான் மிச்சம். டொனல்ட் மக்லியொட் என்ற கல்தச்சர் பிறந்த ஊர் இது. தான் கண்ட எரிப்புகளை அவர் 1840களின் தொடக்கத்தில் எடின்பரோ பத்திரிகையொன்றில் தொடர் கடிதங்களாக எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கு வெறும் அழகான இடமாகவே அறியப்பட்டிருக்கும்.

திரும்பிப் பார்க்கும் தாய்

விரட்டப்பட்டவர்களுக்குக் கடற்கரையோரக் கற்பாறைத் துண்டுகள் கொடுக்கப்பட்டன. கடலை அறியாதவர்கள் மீன்பிடிக்கப் பணிக்கப்பட்டார்கள். பலர் கப்பலேறினர். கில்டொனன் பள்ளத்தாக்கு மக்கள் 1813 தொடக்கம் கனடா சென்று, இன்றைய வினிபெக் நகர் உள்ள இடத்தில் குடியேறினர். அந்நகரின் ஒரு பகுதி இன்றும் கில்டொனன் என்றே அழைக்கப்படுகிறது. ஊர் போனாலும் பெயரை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஹெல்ம்ஸ்டேல் கிராமத்தில் 2007இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையொன்று உண்டு. தந்தை முன்னே பார்க்கிறார். சிறுவன் தந்தையை அண்ணாந்து பார்க்கிறான். கைக்குழந்தையுடன் நிற்கும் தாய் மட்டும் விட்டு வந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். எங்கள் குழுவில் அவ்விடத்தில் யாரும் பேசவில்லை.

எஞ்சியிருந்த சிறு குடியானவர்களின் போராட்டங்களுக்குப் பின், 1886இல் ஒரு சட்டம் வந்தது. வாடகை செலுத்தும் குடியானவரை எழுப்ப முடியாது, நியாயமான வாடகையே அறவிடலாம், உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய சமூகங்கள் தாம் வாழும் நிலத்தை வாங்கவும் வழி திறந்தது. எரிந்த ஊர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் இன்னொரு ஊர் அவ்வாறு எரிக்கப்படாமலிருக்க அது வழி செய்தது.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, இந்தப் பயணத்திலிருந்து நான் கொண்டு வந்தது இரண்டு விடயங்கள். ஒன்று, காகிதம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு என எது கையிலிருந்தாலும் பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். தொலைந்திருந்தால் பதிவுப் பிரதிக்காகக் காணிப் பதிவகத்தை அணுகுங்கள்.

மற்றையது, எழுத்து. உங்கள் வளவின் எல்லையில் யார் இருந்தார்கள், கிணறு எந்தப் பக்கம், எத்தனை பனை, எத்தனை மா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். யாரோ ஒரு கல்தச்சர் எழுதியதால் ஸ்ட்ராத்நேவரில் வாழ்ந்தவர்களை இன்று உலகம் அறியும். எங்கள் ஊரை எங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் வேறு யார்?