இணையப் பக்கங்களின் பளுவும் வாசகர் பரப்பும் – ஒரு நோக்கு

இணையத்தளமொன்று விரைந்து திறத்தல் வேண்டும் என்பது பொதுவாகத் தொழினுட்பவியலாளரின் அக்கறையாக மட்டுமே கொள்ளப்படுகின்றது. ஆயின் ஒரு பக்கம் திறப்பதற்கு எடுக்கும் நேரம், அதனை யார் வாசிக்கலாம், யார் வாசிக்கவியலாது என்பதையும் தீர்மானிக்கின்றது. எனவே இவ்விடயத்தை நாம் வாசகரின் பக்கத்தில் நின்று நோக்குதல் பொருத்தமாகும்.

தாமதத்துக்கான காரணங்களுள் தூரமும் பளுவும் முதன்மையானவை. தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒளியிழை வடத்தினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கின்றது. கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஆகவே கொழும்பிலிருந்து செல்லும் கேள்விக்கு இலண்டனிலிருந்து விடை மீள்வதற்குக் குறைந்தது 87 மில்லிசெக்கன் கழியும். கடலடி வடங்கள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இது மேலும் கூடும். தொடர்பை ஏற்படுத்தல், அதனை மறையாக்கிப் பாதுகாத்தல், பக்கத்தைக் கேட்டல் என வழமையாக 3 முறையேனும் இப்பயணம் நிகழ்ந்த பின்னரே முதலெழுத்து வந்து சேரும். பக்கத்தின் பிரதிகளை வாசகருக்கு அண்மையிலுள்ள வழங்கிகளில் வைத்தலும், ஒருமுறை பெற்ற கோப்புகளை வாசகரின் கருவியிலேயே சேமிக்கச் செய்தலும் இதற்குரிய பரிகாரங்களாம்.

பளுவைப் பொறுத்தவரை, தமிழெழுத்தின் மீதே சிலர் குறை காணக்கூடும். ஆங்கில எழுத்தொன்று 1 பைற்று இடத்தைப் பெற, யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழ்க் குறியொன்று 3 பைற்றுகளைப் பெறுகின்றது. ‘கொ’ என்பதற்கு 6 பைற்றுகள் வேண்டும். அவ்வாறிருந்தும் 500 சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரையொன்று ஏறத்தாழ 15 கிலோபைற்று அளவினதே. வழங்கி அதனைச் சுருக்கி அனுப்பின் அளவு மேலும் குறையும். மறுபுறம், கைத்தொலைபேசியில் எடுத்த 3 மெகாபைற்றுப் படமொன்று இத்தகைய 200 கட்டுரைகளுக்குச் சமமாகும். 4,000 படப்புள்ளி அகலமுள்ள அப்படத்தை 800 ஆகக் குறைப்பின், மொத்தப் புள்ளிகள் 25 இல் ஒரு பங்காகிவிடும். சிறிய திரையில் வாசிப்போர் இதனால் இழப்பது மிகச் சொற்பமே. எழுத்துருக் கோப்பிலும் தேவையான வரிவடிவங்களை மட்டும் வைத்திருத்தல் சாலும். அது வந்து சேரும்வரை கருவியிலுள்ள எழுத்துருவிலேயே பாடத்தைக் காட்டலாம். நிரல்களோ தரவிறங்கிய பின்னரும் பகுக்கப்பட்டு இயக்கப்பட வேண்டியவை. மலிவான கைத்தொலைபேசி வைத்திருப்போரே இச்சுமையைக் கூடுதலாகத் தாங்குகின்றனர். ஆகவே தேவையற்ற நிரல்களை நீக்கி, எஞ்சியவற்றைப் பாடம் தோன்றிய பின்னர் இயங்கச் செய்தல் நன்று.

இவ்விடத்தில் யூரியூப் நிறுவனத்தின் அனுபவமொன்று நோக்கற்பாலது. 2009 இல் அங்கு பணியாற்றிய பொறியியலாளர் கிறிஸ் சகாரியாஸ், 1.2 மெகாபைற்று அளவினதாயிருந்த காணொளிப் பக்கத்தை 98 கிலோபைற்றாகக் குறைத்தார். ஆனால் பரிசோதனையின்போது, பக்கம் திறப்பதற்கான சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. தரவுகளை நிலப்பரப்பு வாரியாகப் பிரித்து நோக்கியபோதே காரணம் புலனாயிற்று. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியா ஆகிய பகுதிகளிலிருந்து பெருந்தொகையானோர் புதிதாக வந்திருந்தனர். முன்னர் அவர்களுக்குப் பக்கம் திறக்க 20 நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்கும். இப்போது 2 நிமிடத்தில் திறந்தது. அந்த 2 நிமிடமே சராசரியை உயர்த்தியது. 2012 இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார்.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு முக்கியமானது. காத்திருந்து களைத்துத் திரும்பியவர் எந்தச் சராசரியிலும் இடம்பெறுவதில்லை. நல்ல தொடர்புள்ளோரின் வேகத்தை மட்டும் அளந்து, தளம் நன்கு இயங்குகின்றது எனத் திருப்தியடையும் நிறுவனம், வசதி குறைந்தோரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகின்றது. வாசகர் இல்லாமையை ஆர்வமின்மை எனத் தவறாகக் கொள்ளும் அபாயமும் இதனால் எழுகின்றது.

தமிழ் ஆய்விதழ்களை இணையத்தில் ஏற்றுவோர்க்கும் இது பொருந்தும். அச்சுப் பக்கங்களைப் படிமங்களாக மட்டும் ஏற்றுமிடத்துப் பளு பன்மடங்காவதுடன், சொற்களைத் தேடும் வாய்ப்பும் அற்றுப்போகின்றது. மூலத்தின் தோற்றத்தைப் பேணுதற்குப் படிமம் அவசியமே. ஆயினும் அதனை வேண்டுவோர் தனியே பெறுமாறு வைத்து, பாடத்தை எழுத்தாக முதலில் வழங்குதல் வேண்டும். தளத்தை வெளியிடுமுன் பல்கலைக்கழகக் கணினியில் மட்டுமன்றி, விலை குறைந்த கைத்தொலைபேசியிலும் தொடர்பு நலிந்த கிராமமொன்றிலிருந்தும் திறந்து பார்த்தல் இன்றியமையாததாகும்.