விண்கொள்ளி: ஒரு சொல்லும் அதன் அச்சமும்

நெல்லியடியில் என் சிறுவயதில் இரவு வானம் வெளித்தால் அது பரா லைற்தான், பங்கருக்குள் ஓடுவோம். எரிநட்சத்திரத்தை நின்று பார்த்தது போருக்குப் பின்னர்தான்.

அதற்கு விண்கொள்ளி என்றும் பெயருண்டு. கொள்ளி என்றால் எரியும் விறகு. சிதைக்கு வைப்பதும் கொள்ளிதான். சாவின் அச்சமும் பழையது. விண்மீன் விழுந்த ஏழாம் நாளில் சேர மன்னன் இறந்ததைப் புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் பாடியுள்ளார்.

உண்மையில் விழுவது நட்சத்திரமல்ல. பெரும்பாலும் மணல் அளவான துகள்; வளிமண்டலத்துள் அதிவேகமாக நுழைந்து, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிகிறது. அது எவரின் சாவையும் அறிவிப்பதில்லை.

அதைக் கண்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை இனி இல்லையென எந்தத் தாயும் முடிவெடுக்க வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியது அரசு.