1-5-3-6-2-4... இது போன் நம்பர் இல்லீங்க!

'ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் என்ன?' - செமஸ்டரில் வரும் ரெண்டு மார்க் கேள்வி. '1-5-3-6-2-4' என்று எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததுமே மறந்துபோகும் கோஷ்டி நான். அதே நம்பரை ஒருத்தர் கையில் ஸ்பேனரோடு மந்திரம் மாதிரி முணுமுணுத்ததைப் பார்த்தது, நாமக்கல் - சேலம் ரோட்டோரப் பட்டறை ஒன்றில்!

அங்கே நின்றது ஒரு 2004 மாடல் லாரி. என்னைவிட மூத்தது! உள்ளே டாடா 697 இன்ஜின். பேரிலேயே ஜாதகம் இருக்கு பாஸ்... 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர்.

வண்டி படுத்து 43 நாள். ஓனர்தான் டிரைவர். இருக்கிறதே இந்த ஒரு வண்டிதான்.

"தொப்பூர் மேடு ஏறும்போது இழுவை குறைஞ்சுதுங்க. இறங்கிப் பார்த்தா, ஹோஸ் கிளிப் லூஸாகி ரேடியேட்டர் தண்ணி பூரா காலி. ஹீட் மீட்டர் வேலை செஞ்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அது செத்து ரெண்டு வருஷமாச்சு. வண்டிதான் ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். தண்ணியை ஊத்தி ஊத்தி ஊருக்கு வந்துடலாம்னு பார்த்தேன்... பாதி வழியில ஜாம் ஆயிடுச்சுங்க" என்கிறார்.

சூட்டில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஊற்றிய தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் டீ கலருக்கு மாறிவிட்டது. அந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியுமா என்ன?

'காயலான் கடைக்குத் தள்ளிடு' என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கு. எட்டு வருடம் தாண்டின லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்டணும். 15 வருடம் தாண்டினவற்றுக்கு 2022 ஏப்ரலில் கட்டணமும் எகிறிடுச்சு. "ஆனா, புது வண்டிக்கு டியூ கட்ட என்னால முடியாதுங்க தம்பி." மனைவியின் செயின் அடகுக்கடைக்குப் போக, இன்ஜின் கீழே இறங்கியது.

கிராங்க் லேத்துக்குப் போய் கிரைண்டிங் ஆகி வந்தது. புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங். ஹெட் போல்ட்டை மெக்கானிக் அண்ணன் நடுவிலிருந்து ஆரம்பித்து, ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக டைட் வைத்துக்கொண்டே போனார். "ஓரத்துல ஆரம்பிச்சா ஹெட் சரியா உட்காராது கண்ணு." சிலபஸில் இருந்ததுதான்... ஆனா இப்பதான் புரிஞ்சுது!

கடைசியில் வந்தது அந்த நாள். டீசல் லைனில் காற்று இருந்தால் நாசில் அடிக்காது. ஃபில்டர் ஸ்குரூவை லூஸ் பண்ணிட்டு, ஹேண்ட் பம்பை அமுக்கும் வேலை எனக்கு! நுரை வந்தது. அமுக்க அமுக்க நுரை நின்று சுத்தமான டீசல் வந்தது. அடுத்து, ஸ்டாப் வயரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தார்கள். டீசல் போகாமல் இன்ஜின் சும்மா சுற்றணும். ஆயில் பிரஷர் முள் மேலே ஏறின பிறகுதான் ஸ்டார்ட்டே பண்ணணுமாம்.

முள் ஏறியது. சூடம் ஏற்றியாச்சு. செல்ஃப்..!

டுர்ர்ர்... ஒண்ணுமில்லை. மறுபடியும்... ஒண்ணுமில்லை. ஓனர் முகத்தைப் பார்க்கவே முடியலை. மூன்றாவது தடவை 'டுபுக் டுபுக்'னு ஒரு குலுங்கு குலுங்கிட்டு... பிடிச்சிருச்சு! கூடவே, பட்டறையே மறையுற அளவுக்கு வெள்ளைப் புகை.

"ஐயோ, மறுபடி தண்ணி இறங்குதுங்களா?" - ஓனர் பதறிப்போனார்.

"கண்ணு எரியுதா?" என்றார் மெக்கானிக்.

"எரியுதுங்க."

"அப்ப டீசல். இன்ஜின் இன்னும் சூடாகலை, எரியாத டீசல் வெளியே வருது. சூடான பிறகும் வெள்ளையாவே வந்தா பயப்படு. நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா வந்தா டீசல் அதிகம், இல்லேன்னா காத்து பத்தலை."

பத்து நிமிஷத்தில் புகை அடங்கிடுச்சு. இன்ஜின் சத்தம் ஒரே சீராக வந்தது. ஓனர் ஒண்ணும் பேசலை... துண்டால் முகத்தைத் துடைச்சுக்கிட்டே நின்னார். கண் எரிச்சலோ என்னவோ!

அதோடு சுபம் இல்லை. "நாளைக்கே சிமென்ட் லோடு இருக்குங்க, வட்டி ஏறுது" என்றார் ஓனர். "முடியாது. புது ரிங் லைனரோடு பழகணும். முதல்ல ஹெட்டை மறுபடி டைட் பண்ணி, டாப்பட் செட் பண்ணணும். அதுக்கப்புறமும் ஆயிரம் கிலோமீட்டராவது லைட் லோடுதான்" என்றார் மெக்கானிக். அரை மணி நேரம் பஞ்சாயத்து! கடைசியில் ஒரு சமரசம்... முட்டை ஊரில் இல்லாத லைட் லோடா? காலி முட்டை அட்டை!

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி கிளம்பும் முன், மெக்கானிக் சாவியைக் கொடுக்காமல் டேஷ்போர்டைக் காட்டினார். புத்தம்புது ஹீட் மீட்டர்! "ரோட்டைப் பார்க்கிற மாதிரி அப்பப்ப இதையும் பாரு."

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் என் பைக்கை ஒரு கடையில் நிறுத்தினேன். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ரெண்டு மாசமா விட்டுவெச்சிருந்த பிரேக் லைட்டை மாத்தியாச்சு!