இம்ப்ளான்ட் பல்: ரூபாய்க் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்

போனில் விசாரித்தால் "ஒரு பல்லுக்கு 22,000 ரூபாய்" என்று பதில் வருகிறது. எல்லாம் முடிந்து பில்லைக் கையில் வாங்கும்போது 55,000-ஐத் தாண்டியிருக்கிறது. இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. போனில் சொன்னது பெரும்பாலும் எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்க்ரூவுக்கான தொகை. ஸ்கேன், ஸ்க்ரூவின்மேல் வரும் பாகங்கள், எலும்பு போதாவிட்டால் அதை வளர்க்கும் செலவு எல்லாம் தனித்தனி வரிகள். இந்த வரிகளில் நோயாளியால் குறைக்க முடிந்த பெரிய வரி எலும்புதான். அதைக் குறைக்கப் பேரம் உதவாது. பல் பிடுங்கும் நாளிலேயே யோசித்தால்தான் குறையும்.

ரூபாய்க் கணக்கு

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நடுத்தரமான ஒரு தனியார் கிளினிக்கை மனத்தில் வைத்துப் போட்ட மாதிரி எஸ்டிமேட் இது. ஊருக்கு ஊர் தொகை மாறும், வரிகள் மாறாது.

- சி.பி.சி.டி. ஸ்கேன் (முப்பரிமாண எக்ஸ்ரே): 2,000
- ஸ்க்ரூவும் அதைப் பொருத்தும் சிகிச்சையும்: 22,000
- தையல், மருந்து, ஈறு ஆறும்வரை போடும் மூடி: 1,500
- அபட்மென்ட் (ஸ்க்ரூவையும் கேப்பையும் இணைக்கும் துண்டு): 5,000
- சிர்கோனியா கேப்: 10,000
- மொத்தம்: 40,500
- எலும்புத் தூளும் அதை மூடும் சவ்வும் தேவைப்பட்டால்: 15,000
- அப்போது மொத்தம்: 55,500

ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்ற கம்பெனிகளின் ஸ்க்ரூ என்றால் இரண்டாவது வரி மட்டுமே இருமடங்காகலாம். அந்தக் கூடுதல் தொகைக்கு நமக்குக் கிடைப்பவை நீண்ட கால ஆய்வுகளின் பின்புலமும், 15 ஆண்டு கழித்து ஒரு பாகம் கழன்றாலும் மாற்றுப் பாகம் கிடைக்கும் என்ற உறுதியும். கொரிய, இந்தியத் தயாரிப்புகளிலும் நல்லவை உண்டு. பாகம் தொடர்ந்து கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். விபத்தில் பல் போனால் ஒழிய, பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

மில்லிமீட்டர் கணக்கு

பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. அது கரையத் தொடங்குகிறது. கடைவாய்ப் பகுதியில் 12 மி.மீ. அகலம் இருந்த எலும்பு, ஓர் ஆண்டில் சராசரியாக 6 மி.மீ. ஆகிவிடுகிறது என்று 2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வு காட்டியது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது.

இப்போது ஸ்க்ரூவை வைத்துப் பார்ப்போம். கடைவாய்க்கு வழக்கமாகப் போடுவது 4 முதல் 5 மி.மீ. தடிமன், 8 முதல் 12 மி.மீ. நீளம். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. எலும்பு வேண்டுமென்றால் மொத்தம் 7 மி.மீ. ஓர் ஆண்டு காத்திருந்தவரிடம் இருப்பது 6. குறைவது 1 மி.மீ.தான், அந்த 1 மி.மீ.க்குத்தான் மேலே சொன்ன 15,000 ரூபாயும், சில மாதக் காத்திருப்பும்.

ஸ்கேன் ஏன் தேவை என்பதற்கும் பதில் மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. ஸ்க்ரூவின் நுனிக்கும் அதற்கும் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதடு மரத்துப்போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து ஒன்றரை மி.மீ., பக்கத்து இம்ப்ளான்ட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். மேல்தாடையில் கடைவாய்க்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. அதன் கீழே எலும்பு மிகவும் குறைந்திருந்தால் சைனஸ் தளத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சை தனியாக வேண்டும். ஸ்கேன் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எஸ்டிமேட்டில் அதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு.

மாதக் கணக்கு

ஸ்வீடனின் பெர்-இங்வர் பிரோனமார்க், டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1950-களில் முயல்களில் கண்டறிந்தார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட்களைப் பொருத்தினார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்கள் வேலை செய்தன: 41 ஆண்டு.

அந்த ஒட்டுதலுக்கு அவகாசம் வேண்டும். வழக்கமாகக் கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம். எலும்பு மென்மையான மேல்தாடைக்கு 4 முதல் 6 மாதம். எலும்பு வளர்த்திருந்தால் அதற்கும் மேல். "மூன்றே நாளில் பல்" என்பது சிலருக்கு உண்மையிலேயே சாத்தியம்தான். ஆனால் எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ இறங்கும்போதே சுமார் 35 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசையில் இறுகிப் பிடித்திருக்க வேண்டும். எவ்வளவில் பிடித்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். மருத்துவக் குறிப்பில் அது இருக்கும்.

துளையிடும்போது சலைன் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடத்தில் அதன் செல்கள் பாதிக்கப்படும்; அப்புறம் ஸ்க்ரூ ஒட்டாமல் போகலாம்.

100 பேரில் எத்தனை பேர்

இம்ப்ளான்ட் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 10 ஆண்டு கழித்து 100 ஸ்க்ரூவில் சுமார் 95 வாயிலேயே இருக்கின்றன. அவற்றின் மேலுள்ள கேப்களில் நிலைப்பவை சுமார் 89. அதாவது ஸ்க்ரூ நிலைத்தாலும் கேப்பை ஒருமுறை மாற்ற நேரலாம். "வாழ்நாள் கியாரண்டி" என்று சொன்னால், அது ஸ்க்ரூவுக்கா, கேப்புக்கா, திரும்பப் பொருத்தும் டாக்டர் கட்டணத்துக்குமா என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொரு எண் அதைவிட முக்கியம். இம்ப்ளான்ட் போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிற்காலத்தில் அதைச் சுற்றியுள்ள எலும்பில் அழற்சி வருகிறது. வலி அதிகம் தெரியாமலே எலும்பு கரையும். பல் துலக்கும்போது ரத்தம் வருவதும், அழுத்தினால் சீழ் வருவதும் அதன் அறிகுறிகள்.

புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. அளவை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுச் செய்வது நல்லது; 8-ஐத் தாண்டியிருந்தால் தள்ளிவைக்கச் சொல்லும் டாக்டர்கள் பலர். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்துகளால் தாடை எலும்பு அழுகிப்போகும் அபாயம் உண்டு.

மாற்று வழிகளின் கணக்கு

முதல் மாற்று, உள்ள பல்லைக் காப்பாற்றுவது. ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள் முடியக்கூடுமென்றால், 40,500 ரூபாய் இம்ப்ளான்ட்டைவிட அதுதான் லாபம். பிடுங்கச் சொன்னால், வேறொரு டாக்டரையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் ஊன்றி நிற்கும் கேப்வரிசை). மூன்று கேப், தலா 10,000 என்றால் 30,000. இரண்டு பக்கத்துப் பற்களை ராவ வேண்டும். அவை ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ உள்ளவை என்றால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. குறையில்லாத பற்கள் என்றால் இம்ப்ளான்ட்டே மேல்.

மூன்றாவது, பல்லே இல்லாத வாய்க்கானது. ஒரு தாடைக்கு 14 இம்ப்ளான்ட் தேவையில்லை. நிலையான பல்வரிசைக்கு 4 முதல் 6 போதும். கீழ்த்தாடையில் செட்டுப்பல் ஆடிக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்கு, 2 இம்ப்ளான்ட் போட்டு அவற்றில் செட்டைப் பொருத்துவதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்று 2002-இல் மாண்ட்ரியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வந்தால், இந்த 2 இம்ப்ளான்ட் வழியையும் விலை கேட்டுப் பாருங்கள்.

10 ஆண்டுக் கணக்கு

ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்ய 2,000, ஓர் எக்ஸ்ரேக்கு 300 என்று வைத்தால் 10 ஆண்டில் 23,000. 40,500-உடன் கூட்டினால் 63,500. மாதத்துக்கு 530 ரூபாய் அளவில் வரும். சுத்தம் செய்வது மற்ற பற்களுக்கும் சேர்த்துத்தான். அதை இம்ப்ளான்ட் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. ஆனால் அதை நிறுத்தினால் முதலில் போட்ட 40,500-ம் ஆபத்தில் இருக்கிறது. முதல் ஆண்டுக்குப் பின் எலும்பு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் கரையக்கூடாது என்பது 1986 முதல் உள்ள அளவுகோல். அதை அளக்க எக்ஸ்ரே வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது.

கேட்டு வாங்க வேண்டியவை

ஸ்க்ரூ வரும் சின்னப் பெட்டிக்குள் பிரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி பெயர், 4.0 x 10 என்பதுபோல் தடிமனும் நீளமும், மாடல் எண், தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை அதில் அச்சிட்டிருக்கும். ஒன்று டாக்டரின் கோப்புக்கு. ஒன்றை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும், எந்தத் திருகுச்சாவி பொருந்தும் என்பதை அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

சிகிச்சைக்கு முன்னால், மேலே உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். பேராசிரியர்களின் மேற்பார்வையில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்கு அங்கே பொதுவாகச் செலவு குறைவு.

பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரும் முன்பே, "இந்த இடத்தில் பிறகு என்ன வைக்கப் போகிறோம், எலும்பு கரையாமல் இருக்க இன்றே ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவில்லை. அதைக் கேட்காமல் ஓர் ஆண்டு கழித்துப் போனவருக்குத்தான் பில்லில் 15,000 ரூபாய் கூடுதலாக ஏறுகிறது.